ஒன்றுமில்லாத பக்கம்

நதியாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய கண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் உள்ள அந்த பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் என்றால் நதியா. மேலே டியூப் லைட் எரிய, வழுவழுப்பான பலகையில் ஒரு டீ-சர்ட்டை விரித்துப் போட்டால் கழுத்து, தோள், கை, பக்கத் தையல், கீழ்மடிப்பு என்று அவள் பார்வை ஒரு சுற்று வரும். அந்தச் சுற்று முடிவதற்குள், பிழை இருந்தால், அவள் விரல் அதன் மேல் போய் நின்றிருக்கும். விட்டுப்போன தையல், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, பக்கத்து நூலைவிட ஒரு சாயல் வெளுத்த நூல். சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைப் பிழைக்கு நேராக ஒட்டி ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த பீஸை இழுப்பாள்.

குண்டடம் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு திருப்பூருக்கு பஸ் ஏறியவள். பேச்சு குறைவு. யாராவது வம்பிழுத்தால்கூட "அப்படீங்களா" என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வாள்.

செக்கிங் டேபிளுக்கு மேலே ஒரு கொக்கி உண்டு. அதில் எப்போதும் ஒரு பீஸ் தொங்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் பார்த்து, கையெழுத்துப் போட்டு, டேக் கட்டி அனுப்பிய அப்ரூவல் பீஸ். கீழே குவிந்து கிடக்கும் ஆயிரம் பீஸுக்கும் அதுதான் சட்டம். பட்டன் எங்கே வர வேண்டும், நிறம் எவ்வளவு ஆழம், எதில் சந்தேகம் வந்தாலும் தலையைத் தூக்கி மேலே பார்த்தால் போதும். ஒரு முறை அப்ரூவல் பீஸிலேயே பாக்கெட் கோணலாக இருந்ததை நதியா கண்டுபிடித்து, மேனேஜர் சுரேந்தரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் முதலாளியின் அக்கா மகன். இளவட்டம். டேக்கைத் திருப்பிப் பார்த்தான்.

"கையெழுத்துப் போட்டாச்சுங்கக்கா. இதுல கோணல்னா எல்லாத்துலயும் கோணல் வரோணும். கோணல் இல்லாததுக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்க."

டேபிளே சிரித்தது. அந்த ஷிப்மென்ட் முழுவதும் கோணல் பாக்கெட்டோடு கப்பலேறியது. ஒரு புகாரும் வரவில்லை. மேலே டேக்கோடு இருப்பதைக் கேள்வி கேட்கும் பழக்கம் நதியாவுக்கு அத்தோடு போயிற்று.

போனிலும் அவளுக்கு அதே பழக்கம்தான். டேபிளில் மற்ற பெண்கள் "நதியாக்கா, கொஞ்சம் தேடிச் சொல்லுங்களே" என்று வருவார்கள். கரண்ட் எப்போது வரும், பிள்ளைக்குச் சளிக்கு என்ன கொடுக்கலாம், மடத்துக்குளத்துக்கு நேர் பஸ் உண்டா. நதியா மைக்கை அமுக்கிக் கேட்பாள். பக்கம் விரியும். மேலே எது வருகிறதோ அதைப் படித்துச் சொல்வாள். அதற்குக் கீழே அவள் போனதில்லை. பஸ் கிடைத்தது, சளி போயிற்று. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அவள் புருஷன் தங்கதுரை அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாத்தான்குளம் பக்கத்துக்காரன். வாய் ஓயாது. கல்யாணத்துக்கு முன்பு, துணியில் சாயல் வித்தியாசம் என்று இவள் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கட்டையும் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுவான். "எங்க ஊர்ல இதுக்குப் பேரு வெள்ள. உங்க ஊர்ல என்னட்டி?" என்பான். சண்டை போட வந்தவன் பிறகு சண்டை இல்லாமலும் வர ஆரம்பித்தான். இவள் வீட்டார் கல்யாணத்துக்கு வரவில்லை. வெகுகாலம் கழித்துத்தான் வந்தார்கள்.

தங்கதுரையின் வித்தை முழுவதும் அவன் வலது கை கட்டை விரலில் இருந்தது. ஒரு துணியின் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் அதன் கனத்தைச் சொல்லிவிடுவான். தராசில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அடுக்கிய துணியை பேண்ட் நைஃப் மெஷினில் வளைத்து வளைத்து அறுக்கும்போது அந்த விரல்தான் முன்னால் போகும், சுக்கான் மாதிரி. விரலுக்குக் காவலாக இரும்பு வலையில் செய்த கையுறை ஒன்று மெஷின் பக்கத்தில் தொங்கும். ஆடிட் வரும் நாளில் அது எல்லார் கையிலும் ஏறும். மற்ற நாளில், வியர்வை, வழுக்குகிறது, துணி கையில் பேசமாட்டேன் என்கிறது என்று ஆணியிலேயே கிடக்கும்.

அன்றைக்கு ஆடிட் இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கிய நேரம். கட்டிங் பக்கமிருந்து ஹெல்பர் பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"அக்கா... மாஸ்டருக்கு... கை..."

நதியா போய்ச் சேர்ந்தபோது தங்கதுரை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். யாரோ சுற்றிய வெள்ளைத் துணி அதற்குள் வெள்ளையாக இல்லை. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆனால் வாய் மட்டும் வழக்கம்போல் முன்னால் வந்தது.

"அழாதட்டி. வெரலக் காணல. கீழதான் விழுந்துச்சு. தேடு."

மெஷினுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுத் துணி. அன்றைக்கு ஓடியது மாநிறத்தில் ஒரு துணி. சுற்றி நின்றவர்கள் குவியலைக் கண்டபடி அள்ளி அள்ளிப் போட்டார்கள். நதியா அவர்களைத் தள்ளிவிட்டு மண்டியிட்டாள். கையை வைக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். ஒரே நிறத்துத் துண்டுகளுக்கு நடுவே நகம் ஒன்று தெரிந்தது. எடுத்தபோது சூடாக இருந்தது.

சுரேந்தர் ஓடி வந்தான். "பக்கத்துல நர்ஸிங் ஹோமுக்கு எடுத்துட்டுப் போங்க. தையல் போட்டா ரத்தம் நின்னுருமுங்க."

"தையலா?" தங்கதுரை நிமிர்ந்தான். "போன வருசம் நம்ம கட்டிங் தரணீதரன் வெரலுக்குப் போட்டாவளே ஒரு தையல்! மொழுக்குன்னு மூடி அனுப்புனாவ. இப்ப கேட்டுல சல்யூட் அடிச்சுக்கிட்டு நிக்கான். எனக்கு ஒட்ட வைக்கணும். ஒட்ட வைக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. கத்திரி பிடிக்காம நான் என்ன செய்வேன்?"

கம்பெனி வேன் ஓட்டும் சனாவுல்லா வாசலிலேயே இஞ்சினை ஓட விட்டு நின்றார். "கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி இருக்குதுங்கக்கா. கை வெட்டுப்பட்டவங்க எல்லாம் அங்கதான் ஓடுவாங்க. பேருதான் வாயில வரமாட்டேங்குது. பெருமாநல்லூர் போயி பைபாஸ் புடிச்சா ஒரே ஓட்டம். போயிரலாமா?"

"இருங்கண்ணா. போன்ல பாத்துப்போடறேன்."

அந்த ஒரு வாக்கியத்தை நதியா பிறகு எத்தனை முறை விழுங்க முயன்றாளோ.

ரத்தம் தோய்ந்த விரலை போன் ஏற்கவில்லை. சேலையில் துடைத்துக்கொண்டு மைக்கை அமுக்கினாள். "வெட்டுப்பட்ட விரலுக்கு என்ன செய்யோணும்?" குரல் உடைந்ததால் ஒரு முறை அதற்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். பக்கம் விரிந்தது. சந்தைக் கூச்சல் போல இருந்தது அது. ஒரு வீடியோ தானாக ஓடியது. நகப்பூச்சு விற்றார்கள். வேடிக்கை காட்டும் பிளாஸ்டிக் கட்டை விரல் ஒன்று, உள்ளே விளக்கெரியுமாம், விலை போட்டுச் சிரித்தது. மற்றவர்கள் கேட்டவை என்று ஒரு வரிசை வந்தது. அதில் முதலாவது, கனவில் விரல் துண்டானால் என்ன பலன். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டி. பெரிய எழுத்து. "துண்டான விரலை உடனே ஐஸில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இருப்பினும்..." என்று நின்றது. பக்கத்தில் மேலும் காட்டு என்று சின்னதாக ஒரு சொல்.

மேலே இருக்கிறது. பெட்டி கட்டி இருக்கிறது. நதியாவுக்கு அது போதும்.

கம்பெனி வாசலில் கரும்புச்சாறு வண்டி நிற்கும். ஐஸை அள்ளிக்கொண்டு வந்தார்கள். தன் டிபன் பாக்ஸை நதியா குழாயில் கழுவினாள். தயிர் வாசனை போகவில்லை. ஐஸைக் கொட்டி, அதன் மேல் விரலை வைத்து, அதன் மேலும் ஐஸ் வைத்து மூடினாள். பிறகு மறுபடி மைக். "திருப்பூர்ல விரல் ஒட்ட வைக்கிற ஆஸ்பத்திரி." முதலில் ஒரு பெயர் வந்தது. பெயரின் தலைமாட்டில் ஸ்பான்சர்டு என்று டேக் மாதிரி ஒரு எழுத்து. பிளாஸ்டிக் சர்ஜரி, இருபத்து நான்கு மணி நேரமும். தொட்டாள். மறுமுனையில் தேன் ஒழுகும் குரல்.

"வாங்க மேம். எல்லா ட்ரீட்மென்ட்டும் இருக்கு மேம்."

"இங்கயே இருக்குதுங்கண்ணா" என்றாள் சனாவுல்லாவிடம். "டவுனுக்குள்ளயே. கோயமுத்தூர் வேண்டாம்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "சரிங்கக்கா" என்று வண்டியை டவுன் பக்கம் திருப்பினார்.

புஷ்பா தியேட்டர் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. சனாவுல்லா ஹாரனில் கையை வைத்தபடியே ஓட்டினார். தங்கதுரை நதியாவின் தோளில் சாய்ந்திருந்தான். அவள் மடியில் டிபன் பாக்ஸ். அதன் குளிர் சேலையைத் தாண்டித் தொடையில் உறைத்தது.

"அவன் நல்லா இருக்கானாட்டி?"

"யாருங்க?"

"உள்ள இருக்கானே, அவன்தான். அவனுக்கு மட்டும் ஏசி. நமக்குப் புழுங்குது பாரு."

நதியா சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

அந்த இடம் ஒரு காம்ப்ளெக்ஸின் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. சனாவுல்லா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தாங்கிப் படியேற்றினார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நறுமணம். சுவரெல்லாம் மூக்குகள், கன்னங்கள், முன்பு வழுக்கை பின்பு முடி. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சொட்டும் ரத்தத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள்.

"இங்க இதெல்லாம் பண்றதில்லீங்க. ஹேரு, ஸ்கின்னு, மூக்கு, அவ்வளவுதானுங்க. டாக்டரே இன்னிக்கு வரமாட்டாருங்க."

"போன்ல வரச் சொன்னாங்களே? எல்லாம் இருக்குதுன்னாங்களே?"

"அது கால் சென்டருங்க. எந்த ஊர்ல இருக்குதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க."

"மொதல்ல உங்க பேருதானுங்க வருது. மேலயே வருது. டேக்கெல்லாம் போட்டிருக்குதுங்க." நதியா போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். கோபம் இல்லை. தவறு எங்கோ வேறிடத்தில் நடந்திருக்கிறது, காட்டினால் திருத்திவிடுவார்கள் என்பதுபோல் நீட்டினாள்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். தணிந்த குரலில் சொன்னாள். "அது விளம்பரமுங்கக்கா. காசு கட்டுனா யாரு வேணா மேல வரலாமுங்க."

நல்ல பெண்தான். உள்ளே ஓடிப் போய்ப் பஞ்சும் கட்டுத் துணியும் எடுத்து வந்து தங்கதுரையின் கையை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

படியில் அவனை உட்கார வைத்துவிட்டு நதியா மறுபடி போனை எடுத்தாள். மைக்கை அமுக்கினாள், அதே பக்கம் வந்தது. அதே பெட்டி, அதே பிளாஸ்டிக் விரல், அதே கனவுப் பலன். எதை நம்புவது? எல்லாமே டேக் போட்டிருந்தன. கம்பெனி மெர்ச்சண்டைசர் அனுப்பிரியாவுக்கு அடித்தாள். நாள் முழுக்க நூல் விவரமும் சாய விவரமும் தேடிக்கொண்டிருப்பது அந்தப் பெண்ணின் வேலை. அன்றைக்கு ஏதோ பையர் மீட்டிங்குக்கு வெளியே போயிருந்தாள்.

நதியா அழுதுகொண்டே சொன்னதை அவள் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அக்கா, கேளுங்க. மேல ஒரு வரிசை இருக்குமல்லங்க, படம், வீடியோ, ஷாப்பிங்னு? அதை ஓரமாத் தள்ளிட்டே போங்க. வெப்னு ஒண்ணு வரும். இல்லைனா கடைசில இங்கிலீஸ்ல மோர்னு இருக்கறதுக்குள்ள இருக்கும். அதை அமுக்குங்க."

"அமுக்குனா?"

"குப்பையெல்லாம் போயிருமுங்க. அமுக்குங்கக்கா!"

நதியா தள்ளினாள். கண்ணீரில் எழுத்து மிதந்தது. வெப். அமுக்கினாள்.

திடீரென்று பக்கம் அமைதியானது. ஓடுவது எதுவும் இல்லை. மினுங்குவது எதுவும் இல்லை. வெறும் வெள்ளை. நீல எழுத்தில் ஒரு தலைப்பு, கீழே இரண்டு வரி. மறுபடி ஒரு தலைப்பு, இரண்டு வரி. கழுவி விட்ட டேபிள் மாதிரி இருந்தது. அவள் கண் தானாகவே தன் பழைய சுற்றைத் தொடங்கியது. மேலே இருந்ததைப் பார்த்தாள், விட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. கை அறுவை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து எழுதி வைத்திருந்த ஒரு பக்கம் கிடைத்தது. ஒரு படம்கூட இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரும் எண்ணும் இருந்தன. பெயரை வாய்விட்டுப் படித்தாள்.

கீழ்ப்படியில் நின்ற சனாவுல்லா தலையில் அடித்துக்கொண்டார். "இதேதானுங்கக்கா! யா அல்லா, இதே பேருதான்!"

எண்ணுக்குக் கீழே, கொண்டு வரும் முறை என்று எழுதியிருந்தது. துண்டான விரலை ஐஸில் நேரடியாக வைக்கக் கூடாது. ஐஸ் பட்டால் சதை உறைந்து செத்துப்போகும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும்.

நதியா அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தாள். விரல் ஐஸோடு ஒட்டியிருந்தது. மெழுகு போல் வெளுத்து, தொட்டால் கல் போல் இருந்தது. பெட்டிக்குள் பாதியில் நின்ற அந்தச் சொல் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இருப்பினும். அதற்குப் பின்னால் இதுதான் இருந்திருக்கிறது. ஒரு தொடுகைக்கு அப்பால்.

"என்னட்டி, என்ன போட்டிருக்கு?" மேற்படியிலிருந்து தங்கதுரை கேட்டான்.

"கோயமுத்தூர்தானுங்க. போலாமுங்க. எந்திரிங்க."

வேனுக்குள் பேக்கிங் சாமான் கிடந்தது. புது பனியன் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, குடிக்கிற தண்ணீரில் நனைத்து, விரலைச் சுற்றினாள். ஏற்றுமதி டீ-சர்ட்டுக்குப் போடும் பாலிபேக் ஒன்றில் வைத்துக் கட்டினாள். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று ஏதேதோ மொழிகளில் அதன் மேல் அச்சடித்திருந்தது. ஐஸோடு தண்ணீர் ஊற்றி அதற்குள் பையை இறக்கினாள். அவன் பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு செய்தாள். அவிநாசி தாண்டி பைபாஸ் பிடித்ததும் வேன் பறந்தது. வழி முழுக்க அவள் பெட்டியைத் திறக்கவில்லை. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள். அவள் சூட்டில் அது உருகிவிடுமோ என்று எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் பையை வாங்கி, பிரித்து, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார்.

"முதல்ல ஐஸ்ல நேரா வெச்சிருந்தீங்களா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னால் வைத்தியம் பிசகும். "ஆமாங்க சார்."

"ரொம்ப நேரமா?"

"கம்பெனில இருந்து டவுன் வரைக்குமுங்க."

"முயற்சி பண்றோம்மா" என்றார் அவர். ஸ்ட்ரெச்சரில் கிடந்த தங்கதுரை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒட்ட வைத்தார்கள். முதல் நாள் விரல் ரோஸ் நிறத்தில் இருந்தது. நதியாவுக்கு உயிர் வந்தது. நிறம் பார்ப்பதுதானே அவள் வேலை. கட்டுக்கு வெளியே தெரிந்த அந்த நுனியை அவள் கண் விட்டு அகலவில்லை. பிறகு ஒரு காலையில், நர்ஸ் கண்டுகொள்வதற்கு முன்பே, ஒரு சாயல் மாறியிருப்பதை அவள் கண்டாள். ஓடிப் போய்ச் சொன்னாள். வந்து பார்த்தார்கள். மறுபடி உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்தார்கள். நீலம் கருநீலமானது. கருநீலம் கறுப்பானது. எடுத்துவிட்டார்கள்.

"ரத்தக் குழாய் அடைச்சிடுச்சும்மா" என்றார் டாக்டர்.

"ஐஸ்னாலீங்களா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

நதியா அங்கேயே நின்றாள். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பாள். எந்த இடத்தில் பிழை என்று அம்பு ஒட்டியே காலம் தள்ளியவள். கையில் ஸ்டிக்கர் இருக்கிறது, ஒட்ட இடம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் தங்கதுரை கேட்டான். "எடுத்தத என்ன செஞ்சாவளாம்?"

"ஆஸ்பத்திரிக் கழிவோட மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிருவாங்களாமுங்க."

"ஒரு குழி தோண்டியிருப்பேன்" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சுரேந்தர் வந்து, ஸ்டோரில் ஒரு வேலை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். தங்கதுரை போகவில்லை. நதியா வேலைக்குப் போனாள். மேலே கொக்கியில் புது அப்ரூவல் பீஸ் தொங்கியது. அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். கழற்றிப் பலகையில் போட்டு, அதையும் கழுத்திலிருந்து கீழ்மடிப்பு வரை பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினாள். யாரும் சிரிக்கவில்லை. வேறு பெண்கள் போனில் தேடித் தரச் சொல்லி அவளிடம் வருவதும் நின்றுபோயிற்று.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தால் அவன் பக்கத்தில் உட்காருவான். அவள் சேலைத் தலைப்பை எடுத்துச் சுட்டு விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பான். நழுவும். மறுபடி எடுப்பான். ஒன்றும் தெரியவில்லை என்பது அவன் முகத்தில் தெரியும். விட்டுவிடுவான்.

அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நதியா போனை உதட்டருகே கொண்டுபோவாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், சாமி கும்பிடுகிற குரலில் கேட்பாள். "ஐஸில் நேரா வெச்ச விரல் பிழைக்குமா?" உடனே வெப்புக்குப் போவாள். வெள்ளைப் பக்கம் வரும். படமோ வீடியோவோ இல்லாத அதற்கு ஒன்றுமில்லாத பக்கம் என்று தங்கதுரை பெயர் வைத்திருந்தான். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பாள். ஒன்றில் பிழைக்கும் என்றிருக்கும். ஒன்றில் பிழைக்காது என்றிருக்கும். ஒன்று மீனை ஐஸில் வைப்பது பற்றி இருக்கும். டவுனுக்குப் போன அந்த வேனைப் பற்றி, அந்த டிபன் பாக்ஸைப் பற்றி, எதிலும் இருக்காது. இருந்தும் மறுநாள் கேட்பாள். கேள்வியில் ஒரு சொல்லை மாற்றிக் கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழாய் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை மூடியது. கட்டுப் பிரித்த கை. நான்கு விரல்.

"எத்தன தடவட்டி கேப்ப? அதுக்குத் தெரிஞ்சா சொல்லாதா?"

நதியாவால் திரும்ப முடியவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "நாந்தானுங்க உங்க வெரலக் கொன்னுபோட்டேன். வேன் அண்ணன் அப்பவே கோயமுத்தூர்னாரு. நான்தான் வேண்டாம்னுபோட்டேன். ஐஸையும் நான்தான் வெச்சேன்."

இல்லை என்று அவன் சொல்வான் என்று அவள் நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. மூடிய குழாயை இன்னொரு முறை இறுக்கினான்.

"இருக்கலாம்" என்றான். "டாக்டரு சொன்னத நானும் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆணில தொங்குன கிளவுஸ நான் மாட்டல. அத நான் எவன்ட்டப் போயிக் கேக்க?"

அவள் அழுதாள். அவன் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

"இங்க வா. வேற ஒண்ணு கேளு. பெருவெரலு இல்லாதவன் கத்திரிய எப்படிப் பிடிக்கான்னு கேளு. அந்த ஒண்ணுமில்லாத பக்கத்துல."

நதியா பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டாள். ஒவ்வொரு தலைப்பாகத் திறந்து வாய்விட்டுப் படித்தாள். மரக்கட்டை விரல் விற்பவன் ஒருவன். கைப்பயிற்சி ஒன்று. "அடுத்தது" என்றான் அவன், கண்ணை மூடியபடியே. வேறு ஏதோ நாட்டில் இடது கையால் வெட்டப் பழகிய தையல்காரர் ஒருவர். "அடுத்தது." வலைப் பக்கங்களின் அடியில் எங்கோ ஒரு டாக்டர் எழுதியது வந்தது. கால் விரல் ஒன்றை எடுத்துக் கையில் கட்டை விரலாக வைக்கலாம் என்று எழுதியிருந்தார்.

தங்கதுரை கண்ணைத் திறந்தான். நீட்டிக்கிடந்த தன் காலைப் பார்த்தான்.

"செருப்பு நிக்குமா?"

"தெரியலீங்க."

"படி."

படித்தாள். நல்ல பிடிமானம் திரும்ப வாய்ப்புண்டு, பலர் பழைய வேலைக்கே திரும்பியிருக்கிறார்கள் என்று வந்தது. அடுத்த வரி இருப்பினும் என்று தொடங்கியது. அந்தச் சொல்லில் அவள் குரல் நின்றுவிட்டது.

அவன் காத்திருந்தான். பிறகு இடது கையை நீட்டி, கட்டை விரலால் பக்கத்தை மெல்ல மேலே தள்ளினான்.

"நிறுத்தாதட்டி. கீழ வரைக்கும் படி."

நதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருப்பினும் என்பதிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.